பாக்டீரியாவா, வேறொன்றா? பயிர் நோய்க்குச் சரியான பெயர் வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெல் இலையின் ஓரம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கிறது. வரப்பில் நிற்கும் மூன்று பேர் மூன்று காரணம் சொல்வார்கள். ஒருவருக்கு அது சாம்பல் சத்துக் குறைவு, இன்னொருவருக்குப் பூஞ்சாணம், மூன்றாமவருக்குப் பாக்டீரியா இலைக்கருகல். பேச்சு அதோடு முடிந்தால் பரவாயில்லை. பயிர் வெளுத்திருக்கிறதே என்று யூரியாவைக் கூடுதலாகப் போட்டால், பாக்டீரியா கருகலாக இருக்கும் பட்சத்தில் அது இன்னும் வேகமாகப் பரவும். கார்பென்டாசிம் அடித்தாலும் காசுதான் போகும். அந்த மருந்து பூஞ்சாணத்தின் செல் பிரிவதைத் தடுப்பது. அது போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய புரதம் பாக்டீரியாவில் இல்லை.

அதனால் பெயர் முக்கியம். ஆனால் பெயர் என்பது ஒரே தாவலில் எட்டிப் பிடிக்கிற பொருள் அல்ல, ஏணி மாதிரி. பாக்டீரியாதானா என்பது முதல் படி. எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம், எந்தப் பயிரைத் தாக்கும் வகை, எந்த ரேஸ் (எந்தெந்த எதிர்ப்பு ரகத்தை மீறும் என்ற உட்பிரிவு) என்பவை அடுத்தடுத்த படிகள். ஒவ்வொரு படிக்கும் வேறு வகைச் சான்று வேண்டும். விவசாயிக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு படிகள் போதும். எதிர்ப்பு ரகம் உருவாக்குகிறவர்தான் கடைசிப் படி வரை ஏறியாக வேண்டும். கீழே உள்ளதில் முதல் மூன்று வேலைகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மற்றவை ஆய்வுக்கூடம் கைவசம் உள்ள மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்.

1. வயலில் பார்ப்பது

செடியைப் பார்க்கும் முன் வயலைப் பாருங்கள். பாக்டீரியாவுக்குத் தண்ணீர்தான் வாகனம். மழைச்சாரல், பாசன நீர், காற்றில் இலைகள் உரசி ஏற்படும் காயம் ஆகியவற்றின் வழியேதான் அது நகர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் காற்றும் மழையுமாக அடித்து ஓய்ந்த சில நாட்களில் நோய் கிளம்பியதா? மடைவாயிலிருந்து நீர் போகும் திசையில் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கிறதா? வயல் முழுக்க ஒரே சீராக மஞ்சளித்திருந்தால் முதலில் சத்துக் குறைவையோ களைக்கொல்லியையோ சந்தேகப்பட வேண்டும். நாற்று எங்கிருந்து வந்தது, கடைசியாக என்ன தெளித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி ஏன் என்பது பின்னால் தெரியும்.

அப்புறம் செடி. பாக்டீரியா விட்டுச்செல்லும் அடையாளங்கள் சில உண்டு. புள்ளிகள் தொடக்கத்தில் எண்ணெய் பட்ட காகிதம்போல, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும். பருத்தி, வெள்ளரி போன்ற அகன்ற இலைகளில் சிறு நரம்புகள் வேலி போட்டுவிடுவதால் புள்ளி வட்டமாக இராமல் கோணல்மாணலாக இருக்கும். முட்டைக்கோஸில் இலை விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி ஆங்கில ‘வி’ எழுத்துபோல மஞ்சள் இறங்கி, நரம்பு கறுத்திருந்தால் கருப்பு அழுகல். எலுமிச்சை இலையிலும் காயிலும் சொரசொரப்பாக மேடுதட்டி, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருந்தால் சொறி நோய். வாழைக் கிழங்கோ உருளையோ கூழாகி நாற்றமடித்தால் மென்னழுகல் கூட்டம். தண்டின் அடியில் கழலை திரண்டிருந்தால் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா.

நெல்லில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஒரே சிற்றினத்தின் இரண்டு வகைகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. இலைக்கருகல் பாக்டீரியா, அதிகாலையில் இலை ஓரத்தில் நீர்த்துளி கசிகிறதே, அந்தத் துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து, நீரைக் கொண்டுபோகும் சைலம் குழாயில் குடியேறுகிறது. அதனால் கருகல் நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி, அலை அலையான விளிம்போடு கீழே இறங்கும். இலைக்கீற்று பாக்டீரியா இலைத்துளை வழியாக நுழைந்து, நரம்புகளுக்கு இடையே உள்ள மென்மையான திசுவில் தங்குகிறது. அதனால் மெல்லிய, கண்ணாடிபோன்ற கோடுகள் வரும்; அவற்றின்மேல் மஞ்சள் மணிகள் போலக் கசிவு உறைந்திருக்கும். நோய் முற்றி இலை முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். ஆகவே புது இலையைப் பாருங்கள்.

நாற்றின் நுனியைக் கிள்ளி நடுகிற வழக்கம் உள்ள இடங்களில், நட்ட மூன்று வாரத்துக்குள் நாற்று மொத்தமாக வாடிச் சாவதும் உண்டு. இந்தோனேசியாவில் இதற்கு வைத்த ‘கிரெசெக்’ என்ற பெயரே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. தண்டுத்துளைப்பான் தாக்கிய நடுக்குருத்து என்று இதைத் தவறாக எண்ணுவார்கள். துளைப்பான் தின்ற குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிடும். கிரெசெக்கில் அப்படி வராது. தண்டின் அடியை வெட்டிப் பிதுக்கினால் மஞ்சள் நிறக் கசிவு வரும்.

2. மாதிரி எடுப்பது

பாதி நோயறிதல் இங்கேயே கெட்டுப்போகிறது. முழுக்கக் காய்ந்த இலையைக் கொண்டுவராதீர்கள். அதில் பிணத்தைத் தின்னும் கூட்டம்தான் இருக்கும். நோயும் ஆரோக்கியமும் சந்திக்கிற எல்லை உள்ள இளம் இலைதான் வேண்டும். வாடல் நோய் என்றால் செடியை வேரோடும் மண்ணோடும் எடுங்கள், அதுவும் இன்று வாடத் தொடங்கிய செடியாக. இலைகளைக் காகித உறையில் போட்டு நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டி முன்பெட்டியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் வெந்து அழுகிவிடும். பக்கத்தில் உள்ள நல்ல செடி ஒன்றையும் சேர்த்து எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

3. டம்ளர் சோதனை

செலவில்லாத சோதனை, எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். கத்தரியோ தக்காளியோ பச்சை இலையோடு திடீரென்று வாடுகிறது என்று வையுங்கள். காரணம் ரால்ஸ்டோனியா பாக்டீரியாவாக இருக்கலாம், பியூசேரியம் பூஞ்சாணமாக இருக்கலாம், வேர் முடிச்சு நூற்புழுவாகவும் இருக்கலாம். தரையை ஒட்டிய தண்டில் ஐந்தாறு சென்டிமீட்டர் துண்டைக் கூரான கத்தியால் வெட்டுங்கள். தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில், வெட்டுமுனை நீரில் படும்படி ஆடாமல் பிடியுங்கள். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் பால்போன்ற வெள்ளை இழைகள் கீழ்நோக்கி இறங்கும். சைலத்தை அடைத்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான செல்களும் அவை சுரந்த பிசினும்தான் அந்த இழை. பியூசேரியத்தில் தண்டின் உட்புறம் பழுப்பேறியிருக்கும், இழை வராது. வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழுவையும் கணக்கில் சேருங்கள். அது போட்ட ஓட்டை வழியாகத்தான் பல இடங்களில் ரால்ஸ்டோனியா உள்ளே போகிறது, ஆகவே இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இலை நோய்க்கு இதே சோதனையை நுண்ணோக்கியில் செய்யலாம். புள்ளியின் எல்லையிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் துண்டு வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து, மேல் தகடு மூடி, 100 மடங்கில் வெட்டுமுனையைப் பாருங்கள். புகை கிளம்புவது மாதிரி ஒரு மேகம் வெளியேறினால் அது பாக்டீரியா. நாலைந்து பச்சையத் துணுக்குகள் மிதப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேகம் தொடர்ந்து வர வேண்டும். சாம்பல் சத்துக் குறைவான இலையில் எத்தனை முறை வெட்டினாலும் இது வராது. முதல் பத்தியில் வரப்பில் நின்ற மூவரின் வழக்கைப் பத்து நிமிடத்தில் தீர்க்க இதுவே போதும்.

மேகம் வரவில்லை என்றால் பாக்டீரியா இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மாதிரி பழசாக இருக்கலாம், அல்லது கடைசியில் வரும் ‘வளர்க்க முடியாத’ கூட்டமாக இருக்கலாம்.

4. தனிப்படுத்தி வளர்ப்பது

இனி ஆய்வுக்கூடம். புள்ளியின் எல்லைத் துண்டை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் அரை முதல் ஒரு நிமிடம் முக்கி, தூய நீரில் மூன்று முறை அலசி, ஒரு சொட்டு நீரில் நசுக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் பாக்டீரியா வெளியே வந்திருக்காது. பிறகு லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டு, அகார் என்ற வளர்ப்புக் கூழ் ஊற்றிய தட்டில் கோடிழுத்து, 28 டிகிரி செல்சியஸில் வையுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் நெல் இலையிலிருந்து பாக்டீரியா எடுத்தபோது இரண்டாம் நாளே பளபளவென்று மஞ்சள் காலனிகள் வந்தன. ‘இலைக்கருகலைத் தரும் சாந்தோமோனாஸ் மஞ்சளாகத்தானே இருக்கும்’ என்று மகிழ்ந்து அதையே பெருக்கி, இரண்டு மாதம் நெல்லில் குத்திக்கொண்டிருந்தேன். ஒரு இலைகூடக் கருகவில்லை. இலைக்கருகல் பாக்டீரியா சோம்பேறி. கண்ணுக்குத் தெரியும் காலனியாக மூன்று முதல் ஐந்து நாள் எடுக்கும். முந்திக்கொண்டு வந்த மஞ்சள், நெல் இலையில் சாதாரணமாகவே வாழும் பான்டோயா. அன்றிலிருந்து தட்டை ஒரு வாரம் வரை தூக்கி எறிவதில்லை.

தேர்ந்தெடுத்த தனிக் காலனியை மறுபடியும் இரண்டு, மூன்று முறை கோடிழுத்துத் தூய்மையாக்குங்கள். ரால்ஸ்டோனியாவுக்கு 1954-இல் கெல்மன் என்ற ஆய்வாளர் சொன்ன டெட்ராசோலியம் ஊடகம், அதாவது வளர்ப்புக் கூழ், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நோய் உண்டாக்கும் வகை அதில் ஒழுங்கற்ற வடிவில், வழவழவென்று வெள்ளையாக வழிந்து, நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும். வீரியம் இழந்தது சின்னதாக, வட்டமாக, அடர்சிவப்பாக இருக்கும். இந்தப் பாக்டீரியாவை அகாரில் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தால் வீரியம் போய்விடும். விசித்திரம் என்னவென்றால், வெறும் தூய நீரில் போட்டு அறை வெப்பநிலையில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

5. பேரினத்தைப் பிடிப்பது

முதலில் கிராம் பிரிவு, அதாவது செல்சுவரின் அமைப்பை வைத்துப் பாக்டீரியாவை நெகட்டிவ், பாசிட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பது. சாயம் ஏற்றுவதற்கு முன் ஒரு குறுக்கு வழி: 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் காலனியைப் பல்குச்சியால் கலக்கி மெதுவாகத் தூக்குங்கள். கிராம்-நெகட்டிவ் என்றால் மெல்லிய செல்சுவர் உடைந்து உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வர, ஜவ்வுபோல இழை எழும்பும். இழை வராவிட்டால் கிராம்-பாசிட்டிவ். பயிரைத் தாக்குபவற்றில் பெரும்பாலானவை கிராம்-நெகட்டிவ். மறு பக்கத்தில் முக்கியமானவை தக்காளிச் சொறியழுகலைத் தரும் கிளாவிபேக்டர், கரும்பு மறுதாம்புக் குட்டை நோயைத் தரும் லைப்சோனியா, உருளைச் சொறியைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ். கடைசியானது பூஞ்சாணம்போல இழையாக வளர்ந்து மண்வாசனை வீசும், தவறவே முடியாது.

கிராம்-நெகட்டிவ் பக்கம் வந்தால் நான்கு கேள்விகள் போதும். காலனி மஞ்சளா? கிங் ஊடகத்தில் புறஊதா ஒளியில் ஒளிர்கிறதா? ஆக்சிடேஸ் என்ற நொதி உண்டா? காற்றில்லாமலும் குளுக்கோஸை நொதிக்க வைக்கிறதா? மஞ்சள், கோழை, காற்று கட்டாயம் வேண்டும் என்றால் சாந்தோமோனாஸ். மஞ்சளாக இருந்து காற்றில்லாமலும் நொதித்தால் என்னை ஏமாற்றிய பான்டோயா. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். வெள்ளையாக வழிந்து, ஆக்சிடேஸ் இருந்து, ஒளிராவிட்டால் ரால்ஸ்டோனியாவைச் சந்தேகியுங்கள். ஆக்சிடேஸ் இல்லாமல், காற்றில்லாமலும் வளர்ந்து, உருளைத் துண்டை ஒரே நாளில் கூழாக்கினால் பெக்டோபாக்டீரியம் அல்லது டிக்கியா. இவை இரண்டும் முன்பு எர்வினியா என்ற ஒரே குடையின் கீழ் இருந்தன.

ஒளிரும் சூடோமோனாஸில்தான் பலரும் சறுக்குவார்கள். நோய் தரும் சூடோமோனாஸ் சிரிஞ்சேயும் ஒளிரும், நம் ஊரில் நோயைக் கட்டுப்படுத்தும் உயிரி மருந்தாகப் பொட்டலத்தில் விற்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸும் ஒளிரும். கடைசியாக என்ன தெளித்தீர்கள் என்று வயலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். விவசாயி போன வாரம் அடித்ததையே பிரித்தெடுத்து அதன்மேல் பழி போட்ட கதைகள் உண்டு. இவற்றைப் பிரிக்க 1966-இல் லெலியட் குழுவினர் தந்த ‘லோபாட்’ என்ற ஐந்து சோதனைத் தொகுப்பு இருக்கிறது: லெவான் என்ற பிசினை உண்டாக்குவது, ஆக்சிடேஸ், உருளை அழுகல், ஆர்ஜினினைச் சிதைப்பது, புகையிலை இலையின் எதிர்வினை. சிரிஞ்சே முதலாவதிலும் கடைசியிலும் மட்டும் ‘ஆம்’ சொல்லும். ஃபுளோரசன்ஸுக்கு ஆக்சிடேஸும் ஆர்ஜினினும் ‘ஆம்’, புகையிலை ‘இல்லை’.

6. குற்றவாளி இதுதானா?

அந்தப் புகையிலைச் சோதனை தனியாகவே மதிப்புள்ளது. 1963-இல் ஹங்கேரியின் கிளெமென்ட் காட்டிய வழி. மில்லி லிட்டருக்குச் சுமார் 10 கோடி செல்கள் உள்ள கலங்கலை, ஊசி இல்லாத சிரிஞ்சால் புகையிலை இலையின் அடிப்பக்கம் அழுத்தி உள்ளே செலுத்த வேண்டும். பக்கத்தில் வெறும் நீரையும் செலுத்துங்கள். நோய் தரும் வகை என்றால் 24 மணி நேரத்தில் அந்த இடம் மட்டும் செத்து, காகிதம்போல உலர்ந்துவிடும். எதிரியை அடையாளம் கண்ட இலை தன் செல்களைத் தானே பலி கொடுத்து வழியை அடைக்கிறது. சாந்தோமோனாஸில் சில இன்னும் ஒரு நாள் எடுக்கும். கழலை தரும் அக்ரோபாக்டீரியம் இதில் சிக்காது.

ஆனால் இது ‘நோய் தரும் திறன் உண்டு’ என்றுதான் சொல்லும், ‘இந்தப் பயிரில் இந்த நோயைத் தந்தது நான்தான்’ என்று சொல்லாது. அதற்குக் கோக் வகுத்த பழைய விதிகளைவிடச் சிறந்த வழி இன்னும் வரவில்லை: தூய வளர்ப்பை அதே பயிரின் நல்ல செடியில் ஏற்று, அதே அறிகுறி வருகிறதா என்று பார், அதிலிருந்து மறுபடியும் அதே பாக்டீரியாவை எடு. நெல்லுக்குக் கத்தரிக்கோலைக் கலங்கலில் முக்கி இலை நுனியை வெட்டினால் போதும். 14-ஆம் நாள் கருகலின் நீளத்தை அளக்கலாம். வேலை பிடிக்கும், இடம் பிடிக்கும் என்பதால் பலர் இதைத் தாண்டி, டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனைக்கு நேரே போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புது நோய், புதுப் பயிர் என்றால் இதைச் செய்யாத முடிவை நம்பக் கூடாது.

7. டி.என்.ஏ. எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் என்ற மரபணுவை வரிசைப்படுத்திக் கணினியில் தேடினால் பேரினம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சாந்தோமோனாஸ் சிற்றினங்கள் பலவற்றுக்கு இந்த மரபணு ஏறக்குறைய ஒன்றே. ‘99 சதவீதம் ஒத்துப்போகிறது’ என்று முதலில் வந்த பெயரை அப்படியே எழுதுவதுதான் மாணவர் ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. சிற்றினத்துக்கு ஜைரேஸ்-பி போன்ற வேகமாக மாறும் மரபணுக்கள் சிலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முழு மரபணுத் தொகுதி கையில் இருந்தால் சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்துக்கு மேல் இருப்பவை ஒரே சிற்றினம் என்பது இன்றைய நடைமுறை.

ரால்ஸ்டோனியாவுக்கு வசதி அதிகம். பி.சி.ஆரில் பெருகிய டி.என்.ஏ. துண்டு 280 காரஇணை நீளப் பட்டையாக வந்தால் அந்தக் கூட்டம்தான் என்று உறுதி. அடுத்த பி.சி.ஆரில் 144 வந்தால் ஆசியாவைச் சேர்ந்த முதல் பைலோடைப் (வம்சப் பிரிவு), 372 வந்தால் அமெரிக்காவைச் சேர்ந்த இரண்டாவது, 91 ஆப்பிரிக்கா, 213 இந்தோனேசியா. எந்தக் கண்டத்து வம்சம் என்று பட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

8. பெயர் ஏணியும் அதன் குழப்பங்களும்

முன்பு எந்தப் பயிரில் கண்டார்களோ அந்தப் பயிரின் பெயரில் ஒரு சிற்றினம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். சாந்தோமோனாஸ் மட்டும் நூற்றைத் தாண்டியது. 1980-இல் பாக்டீரியாப் பெயர்களின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் வந்தபோது, சோதனைக்கூடத்தில் பிரித்தறிய முடியாத பெயர்கள் நீக்கப்பட்டன. ஆனால் விவசாயத்துக்கு அந்த வேறுபாடு வேண்டுமே. அதற்காக வந்ததுதான் ‘பேதோவார்’: தோற்றத்தில் ஒன்றே, தாக்கும் பயிரிலோ தரும் நோயிலோ வேறு. நெல்லின் இலைக்கருகல் ‘சாந்தோமோனாஸ் ஒரைசே பேதோவார் ஒரைசே’, இலைக்கீற்று ‘பேதோவார் ஒரைசிகோலா’. எலுமிச்சைச் சொறியின் பாக்டீரியா, சிட்ரி என்ற சிற்றினத்திலிருந்து கேம்பெஸ்ட்ரிஸின் பேதோவாராகி, பிறகு ஆக்ஸோனோபோடிஸுக்கு மாறி, இப்போது மறுபடியும் சிட்ரிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது நான்கு பெயரும் ஒரே ஆள்தான் என்பதை நினைவில் வையுங்கள். ரால்ஸ்டோனியாவும் சூடோமோனாஸாகவும், பர்க்கோல்டேரியாவாகவும் இருந்துதான் 1995-இல் இந்தப் பெயருக்கு வந்தது. 2014-இல் அதையும் மூன்று சிற்றினமாகப் பிரித்துவிட்டார்கள்.

கடைசிப் படி ரேஸ். இதை ஊடகத்தில் பார்க்க முடியாது, செடிதான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு எதிர்ப்பு மரபணு மட்டும் ஏற்றிய நெல் வரிசைகளை நட்டு, எதில் கருகுகிறது, எதில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். இது படிப்பாளிகளின் பொழுதுபோக்கு அல்ல. ஒரே மரபணுவை நம்பிய ரகத்தை அதை மீறும் ரேஸ் வந்து சாய்த்துவிடும். அதனால்தான் ஐதராபாத்தில் சாம்பா மசூரிக்கு, அதாவது பி.பி.டி. 5204-க்கு, எக்ஸ்.ஏ. 5, 13, 21 என்ற மூன்று மரபணுக்களையும் சேர்த்து ஏற்றி, 2008-இல் மேம்படுத்திய ரகமாக வெளியிட்டார்கள். 21-ஆம் எண் மரபணு ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது.

9. தட்டில் வளராதவை

எள்ளில் பூ இலையாக மாறுவது, கத்தரியில் சிறு இலை, கேரளத்திலும் அதை ஒட்டிய நம் மாவட்டங்களிலும் தென்னையின் வேர் வாடல் ஆகியவை பைட்டோபிளாஸ்மாவின் வேலை. செல்சுவரே இல்லாத பாக்டீரியா. உணவு செல்லும் ஃபுளோயம் குழாயில் வாழ்ந்து, சாறு உறிஞ்சும் பூச்சிகள் வழியே பரவுகிறது. 1967-இல் ஜப்பானில் மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும்வரை இவற்றை வைரஸ் என்றே எண்ணியிருந்தார்கள். டம்ளர் சோதனை, அகார், புகையிலை எதுவும் இங்கே உதவாது. பி.சி.ஆர்.தான் வழக்கமான வழி, அதுவும் இலை நடுநரம்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில்.

எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் பச்சையாதல் நோயைத் தருவது பைட்டோபிளாஸ்மா அல்ல; ஆனால் அதுவும் தட்டில் வளராத பாக்டீரியாதான். அதற்கு மட்டும் வயலிலேயே ஒரு தந்திரம் உண்டு. நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் துத்தநாகம் போன்ற சத்துக் குறைவு. ஒன்று பச்சை, மற்றது மஞ்சள் என்று பொருந்தாமல் இருந்தால் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

10. அறிக்கையில் என்ன எழுதுவது

எந்தப் படி வரை சான்று இருக்கிறதோ அதுவரைதான் எழுத வேண்டும். டம்ளர் சோதனை மட்டும் செய்திருந்தால் ‘பாக்டீரியா வாடல், காரணி உறுதிசெய்யப்படவில்லை’ என்று எழுதுங்கள். 16எஸ் மட்டும் பார்த்திருந்தால் ‘சாந்தோமோனாஸ், சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். மாதிரி எடுத்த தேதி, ஊர், ரகம், செடியின் வயது, மருந்து விவரம், வளர்ப்பின் எண் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். தூய வளர்ப்பின் ஒரு குழாயைக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வைத்து, அந்தக் குழாயின் எண்ணையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் பெயரை மாற்றினார்கள் என்றால், அந்தக் குழாயைத்தான் எடுத்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.